ஹீட்டர் ஒத்திகை

மகாதேவனுக்கு மண்டைக்குள் ஒன்று புகுந்துவிட்டால் வீடே இரண்டுபட்டுவிடும். இந்தத் தடவை புகுந்தது ஹீட்டர்.

பாங்கிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு பாஞ்ச்கணி மலையில் இரண்டு சின்ன வீடுகளை வாங்கி, சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். டிசம்பர் பிறந்தால் அங்கே குளிர் எலும்பைத் தொடும். ஹீட்டர் இல்லையென்றால் வருகிறவர்கள் மூக்கால் அழுகிறார்கள். வைத்தாலோ, அதைப் போட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறார்கள். ஆகவே புனேயில் உட்கார்ந்தபடி போனிலிருந்தே ஏற்றி இறக்குகிற ஹீட்டராக, வீட்டுக்கு ஒன்று வாங்கிவிடுவது என்று தீர்மானம். அதில் இரண்டு வகை இருந்தது. ஒன்றில் அறையில் இருப்பவர்களும் சூட்டைக் கூட்டிக்கொள்ளலாம். மற்றதில் கடிவாளம் முழுக்க வீட்டுக்காரர் கையில். குளிர்ந்தால் அவருக்குப் போன் போட்டுத்தான் கேட்க வேண்டும். மகாதேவனுக்கு எது பிடித்திருக்கும் என்று அவர் மனைவி நீலாவைக் கேட்கவே வேண்டாம்.

புனேயின் சாங்வியில் அவரோடு குடித்தனம் நடத்துகிறவள் அவள். ஆற்றை ஒட்டிய கட்டடம். ஜனவரியில் சுவரே சில்லிட்டுக் கிடக்கும். அந்த ஜனவரியிலும் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றினால்தான் மகாபிரபுவுக்குத் தூக்கம் வரும். நீலா பஞ்சடைத்த ரஜாய் இரண்டைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடப்பாள். காலையில் தாம் குளித்து வந்ததும் கீசரை அணைத்துவிடுவார். அணைத்தாலும் தண்ணீர் அப்படியே சூடாக இருக்கும் என்பது அவருடைய சித்தாந்தம்.

கெட்ட மனிதர் இல்லை. அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே குடியிருந்தவர்தான். ஆனால் அதற்கப்புறம் அவளுக்குக் குளிர் ஒத்துக்கொள்வதில்லை என்கிற விஷயம் மட்டும் அவர் காதில் ஏறவே இல்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்து அவளும் விட்டுவிட்டாள். ஆனாலும் மனசு ஆறவில்லை.

புனே கேம்ப் கடைத்தெருவில் இருக்கும் ஹீட்டர் கடைக்காரர், சோதித்துப் பாருங்கள் என்று இரண்டாவது வகை ஹீட்டர் ஒன்றைக் கொடுத்திருந்தார். படுக்கையறையில் மாட்டியாயிற்று. ஆர்டர் கொடுக்கப் புறப்பட்ட மகாதேவன் செருப்பை மாட்டிக்கொண்டே உத்தரவு போட்டார்.

"நீ ரூம்ல கதவைச் சாத்திண்டு உக்காந்துக்கோ. நான் கடையிலேர்ந்து ஆபரேட் பண்றேன். குளிர்ந்தா போன் பண்ணு. ஆனா ஆத்துக்காரி மாதிரி பேசப்படாது. கெஸ்ட் மாதிரியே பேசணும். அப்பதான் டெஸ்ட் சரியா இருக்கும்."

"கெஸ்ட் தமிழ்லயா பேசுவா?"

"நமக்கு வர்ற கெஸ்ட் யாரு தமிழ் பேசறா? ஹிந்தியிலயே பேசு."

நீலா போய் உட்கார்ந்தாள். ஹீட்டர் கொஞ்சம் ஊதிவிட்டு அடங்கியது. கடையில் இருந்தபடி அவர்தான் இறக்கியிருக்க வேண்டும். கால் விரல்கள் மரத்துப்போனதும் போனை எடுத்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஹிந்தியில் ஆரம்பித்தாள்.

"பாய்சாப், உங்கள் வீட்டில் தங்கியிருக்கிறேன். அறை ரொம்பக் குளிர்கிறது."

"மன்னிக்க வேண்டும், மேடம்," என்றார் மகாதேவன், அவரும் ஹிந்தியில். "இதோ கூட்டிவிட்டேன். வேறு ஏதாவது சிரமம் இருக்கிறதா? கூச்சப்படாமல் சொல்லுங்கள்."

ஹீட்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது. அறை கதகதப்பானது.  அவரிடம் இந்தக் குரலை நீலா கேட்டதே இல்லை. முகம் தெரியாத அந்த மேடத்தின் மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. போனை வைத்திருக்கலாம். வைக்க மனம் வரவில்லை.

"இருக்கிறது. ராத்திரி முழுக்க மின்விசிறி ஓடுகிறது."

"ஜனவரியிலா? சுவிட்ச் கெட்டிருக்கும் மேடம். ஆள் அனுப்புகிறேன்."

"சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. அணைத்தால் ஒருவர் கோபித்துக்கொள்கிறார். காலையில் கீசரையும் அணைத்துவிடுகிறார். நான் ஆறிப்போன தண்ணீரில் குளிக்கிறேன். எனக்குக் கழுத்தில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, பாய்சாப். குளிர் தாங்கவில்லை."

 போனில் கடைத்தெரு ஆட்டோக்களின் சத்தம் மட்டும் கேட்டது.

"நீலா," என்றார் கடைசியில், தமிழில். குரல் உள்ளே போயிருந்தது. "இத்தனை வருஷமா ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னேனே. தமிழ்ல சொன்னேன்."

 அவர் போனை வைக்கவில்லை. எந்த வகை வேண்டும், இரண்டுதானே என்று கடைக்காரர் கேட்பது நீலாவின் காதில் விழுந்தது.

"ரூமில் இருப்பவர்களே கூட்டிக்கொள்கிற வகை," என்றார் மகாதேவன். "மூன்று கொடுங்கள். மூன்றாவதை என் போனில் இணைக்க வேண்டாம்."