துண்டுக்கு அடியில் சொன்னது

ஒரு மகனின் விலை முந்நூறு ரூபாய் என்று சர்க்கார் தரப்பில் சொல்லியனுப்பினார்கள். பேரம் பேசினால் ஏறும் என்று, சேதி கொண்டுவந்த வேலாயுதன் காதோடு சொன்னான்.

கொடுக்க வேண்டியது ஒரு கையெழுத்துதான். கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பதினாலில், மகாராஜாவிடம் பொறுப்பாட்சி கேட்டுப் போன ஊர்வலத்தில் போலீஸ் சுட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. வானத்தைப் பார்த்துச் சுட்டோம், செத்தவர் யாருமில்லை என்பது அதிகாரிகள் கட்சி. அப்படியானால் ஊர்வலத்துக்குப் போன ஸ்ரீகண்டன் எங்கே? கடன் தொல்லையில் கொழும்புக்கு ஓடிவிட்டான் என்று அவன் அப்பா குற்றாலலிங்கம் பிள்ளை எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தக் கேள்வியும் தீர்ந்தது.

பிள்ளைக்குத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மிளகு மண்டி. வானத்தைச் சுட்டால் காக்கையாவது விழுந்திருக்க வேண்டுமே என்று முதல் வாரம் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். பட்டப்பகலில், மூட்டை நிறுக்கும்போதே, "என்னலே?" என்று உள்பக்கம் திரும்பிப் பதில் கொடுப்பார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கூலிக்காரர்கள் தராசைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வீட்டில் மருமகள் வடிவாம்பாளுக்குக் காலையில் பொட்டு வைக்கும்போது கை பாதியில் நின்றுவிடும். வைக்கலாமா கூடாதா என்று சொல்ல ஊரில் ஆளில்லை.

ஸ்ரீகண்டன் மனைவியின் கையெழுத்தும் வேண்டுமென்று அன்று வடிவாம்பாளையும் கடைக்கு வரவழைத்திருந்தான் வேலாயுதன். முன்பு மிளகுத் தரகன், இப்போது போலீசுக்கு எடுபிடி.

"அண்ணாச்சி, இந்தக் கடுதாசில ஒப்பு போட்டா மதி, அது போதும். போனவன் போயி. இருக்கவங்களுக்குக் கஞ்சி வேணும் அல்லே?"

"போனவன்னா, எங்கலே போனான்?"

"கொழும்புக்கு."

"கப்பல்ல எடம் கெடச்சுதாக்கும்." பிள்ளை தோள் துண்டை எடுத்து மடியில் விரித்தார். "வாயால பேசி என்ன. கையக் கொண்டா."

சாலைக் கடைத்தெருவில் பெரிய பேரமெல்லாம் துண்டுக்கு அடியில்தான். எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அத்தனை. பக்கத்துக் கடைக்காரன் கண்ணுக்கு எதுவும் தெரியாது. வாயால் ஆயிரம் பொய் சொல்லலாம், அதற்குத்தானே வாய். விரலால் சொல்வது ஒரு தரம்கூடத் தப்பக்கூடாது. தப்பினவன் கையை அப்புறம் எந்த மண்டியிலும் தொட மாட்டார்கள். வேலாயுதனின் கை பழக்கத்தில் தானாக உள்ளே போனது.

முந்நூறு, நானூற்றில் போய் நின்றது. பிள்ளை கையை விடவில்லை.

"நூறுக் கணக்கு முடிஞ்சுது. இனி ஒத்தை, வெரலுக்கு ஒண்ணு. அன்னைக்கு லாரியில அள்ளிப் போட்டுட்டுப் போனது எத்தனை பேர?"

"அண்ணாச்சி, இது சதியாக்கும்."

"கைய உருவிட்டுப் போ. ஒப்பு இல்லாமப் போயி இன்ஸ்பெக்டர் முன்னால நில்லு."

துண்டு அசையவில்லை. தெருவில் கட்டைவண்டி ஒன்று போயிற்று. எதிர்க்கடையில் யாரோ வெல்லத்துக்கு விலை கேட்டார்கள். பிறகு, வேலாயுதனின் கை ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தது. விட்டது. மறுபடி இரண்டு.

"எம்புள்ள அதுல உண்டுமா?"

ஒற்றை விரலைப் பிடித்தது. விடவே இல்லை. அந்தப் பிடி வேலாயுதனுடையதுதானா என்று பிள்ளைக்குச் சந்தேகம் வந்தது. நடை பழகின நாளில் ஸ்ரீகண்டன் ஒரு விரலைத்தான் பிடித்துக்கொள்வான்.

"துண்டுக்குள்ளது துண்டுக்குள்ளே, கேட்டோ" என்றான் வேலாயுதன்.

மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வடிவாம்பாள் கேட்டாள்: "மாமா, எனக்கும் சொல்ல மாட்டியளா?"

துண்டு விலையைப் பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லாத மனிதர். எழுந்து கடைவாசலுக்குப் போனார். ஏலக் குரலில் சொன்னார்:

"லாரியில அள்ளுனது ஏழு பேர. ஏழு. எம் மவன் அதுல ஒருத்தன்."

வெல்லப் பேரம் நின்றது. வேலாயுதனின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. கீழே கிடந்த துண்டைப் பார்த்தார்கள். "என்னைக் கொன்னல்லோ, அண்ணாச்சி" என்று முனகிவிட்டு அவன் பின்வாசலால் போனான். பிறகு சாலைப் பக்கம் அவனைக் காணவில்லை. பிள்ளையின் துண்டுக்கு அடியிலும் எந்தக் கையும் வரவில்லை. அது நியாயம்தான் என்பார் அவர்.

வடிவாம்பாள் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

பிள்ளை விலைப்பலகையில் மிளகு விலையை அழித்துவிட்டு, ஏழு என்றும் மகன் பெயரையும் எழுதி வைத்தார். பொழுது சாயும் நேரம் கிள்ளிப்பாலத்திலிருந்து ராகேல் என்றொரு பெண் வந்து, அதை வாசித்துக் காட்டச் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரரு ராஜையனும் அன்னைக்குப் போனவருதான். அவரு பினாங்குக்குப் போனாருன்னு சொன்னாங்க. அம்பது ரூவா தாறோம்னாங்க."

பிள்ளை சுண்ணக்கட்டியை எடுத்தார்.

லாரியில் ஏற்றியது ஏழு. பெயர் தெரிந்தது இரண்டு. பாக்கி ஐந்து.