நீங்களும் எண்ணுங்க அத்தை

வெள்ளைத் துணிக்கு அந்தப்பக்கம் என் கட்டைவிரல்கள் இருக்கின்றன, ஆட்டுங்க அத்தை என்கிறான் இசக்கிராஜன், ஆட்டத்தான் செய்கிறேன், ஆடுகிறதா என்று எனக்கே தெரியவில்லை, மயக்க மருந்து வடியாத மண்டைக்குள் எதிர்வீட்டு மாடியில் அவன் புத்தகத்தோடு நடக்கிறான், பன்னிரண்டு வருஷமாகவா ஒருத்தன் படிப்பான், தோற்றுத் தோற்று எழுதுகிறானோ என்று அவன் அம்மா கோமுவிடமே கேட்கிறேன், அவள் சளைக்காமல், டாக்டருக்குப் படிச்சான், பொறவு ஆபரேசனுக்கு, பொறவு மூளைக்கு, இப்போ முதுகெலும்புக்குத் தனியா மதினி என்கிறாள், அப்போ மூளையிலிருந்து இறங்கிக் கால்விரலுக்கு வந்துசேர இன்னும் இருபது வருஷம் ஆகுமே, கல்யாணம் எப்போ என்றேன், பாளையங்கோட்டையில் எங்கள் தெருவே சிரித்தது, அதே கோமு ஒருநாள் கொடியில் துணி காயப்போட்டபடி அழுகிறாள், யார்ட்டயும் சொல்லிராதிய மதினி, சென்னையில் பயிற்சியில் இருந்தபோது ஒருத்தர் முதுகில் கீழேயிருந்து எலும்பை எண்ணி இதுதான் இடம் என்று பிள்ளை கத்தியை வைத்துவிட்டானாம், அந்த ஆளுக்குப் பிறவியிலேயே ஒரு எலும்பு கூடுதலாம், பெரிய டாக்டர் பார்த்து நிறுத்தினாராம், நான் யாரிடமும் சொல்லவில்லை, பால்காரியிடம் மட்டும் சொன்னேன், அப்புறம் தெருவில் முதுகு வலித்தவர்களெல்லாம் மதுரைக்கு பஸ் ஏறினார்கள், அவன் இங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஐந்து வருஷமாகியும் ஏறிக்கொண்டே இருந்தார்கள்.

நானும் ஏறியிருப்பேன், ஆனால் இன்று காலையில் ரெண்டு காலும் மரத்து, ஒன்றுக்குப் போனதுகூடத் தெரியாமல் கிடந்தேன், மதுரை வரைக்கும் தாங்காது, உடனே முதுகைத் திறக்காவிட்டால் கால் வராது என்றார்கள், தியேட்டர் வாசலில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, நீங்களும் எண்ணுங்க அத்தை, நாளைக்குத் தெருவுக்கு ஒரு சாட்சி வேணும்லா என்றான், சிரிக்காமல் சொன்னான், ஒன்னு, ரெண்டு, மூணு, என் எலும்பை நானே எண்ணினேன், ஆட்டுங்க அத்தை, மறுபடியும் அவன் குரல், இந்தக் கால் போனால் எந்த வீட்டுப் படி ஏறுவேன், எனக்கு யார் வந்து சேதி சொல்வார்கள், துணியைத் தூக்குகிறான், குனிகிறான், குனிந்தபடியே இருக்கிறான், என்னல, விரலையும் எண்ணுதியா என்கிறேன், ஆடுது அத்தை, ரெண்டும் ஆடுது என்கிறான், என் பாதத்தைப் பிடித்திருக்கும் அவன் கை வெடவெடவென்று நடுங்குகிறது, நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்கிறான், கோமு கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, என்னாச்சு மதினி என்கிறாள், விரல் ஆடினதைச் சொன்னேன், கை நடுங்கினதைச் சொல்லவில்லை, பால்காரி நாளைக்குப் பார்க்க வருவாளாம், கால் ரெண்டும் துணிக்கடியில் சாதுவாகக் கிடக்கின்றன, நாக்குதான் வாய்க்குள் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறது.