வியாழக்கிழமைத் தண்ணீர்

"கையெழுத்துப் போடுங்க அண்ணி. எல்லாம் பேசி முடிச்சாச்சு."

கொழுந்தன் காகிதத்தை மேசையில் விரித்துப் பேனாவையும் திறந்து வைத்தான். அவள் உட்காரவில்லை, நின்றபடியே படித்தாள். ஆற்றின் மேல்பக்கத்து ஊர்களும் கீழ்பக்கத்து ஊர்களும் இருபது வருடம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, ஒருவழியாகக் கூடிப் பேசிப் போட்ட முறைப்பட்டியல் அது. எந்த வயலுக்கு என்றைக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று நிமிஷம் பிசகாமல் எழுதியிருந்தது. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது. அவள் பெயர் மட்டும் இல்லை. வியாழக்கிழமை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை அவள் வயலுக்கு இருந்த முறை, பன்னிரண்டுக்கு மேல் வரும் கொழுந்தனுடைய முறையோடு சேர்ந்து போயிருந்தது.

"அப்போ என் வயலு?"

"ஆம்பளை இல்லாத வீட்டுக்கு முறை கிடையாது. இது நான் போட்ட சட்டமா? மிச்சம் இருந்தா விடமாட்டேனா?"

மிச்சமாம்! கணவன் செத்த இந்த மூன்று மாதத்தில் ஒரு சொட்டு மிச்சம்கூட அவள் வரப்பைத் தாண்டவில்லை. கதிர் பால் பிடிக்கும் நேரம். இந்த வாரம் நனையாவிட்டால் வைக்கோல்தான் மிஞ்சும்.

"போட மாட்டேன் தம்பி."

"போடாட்டியும் ஒண்ணும் ஆகப்போறதில்ல." பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டான்.

அவள் ரேடியோவைத் திருகினாள். அதைப் பேசவிட்டுத்தான் இப்போதெல்லாம் சாப்பிடுகிறாள். எதிர்வீட்டுக்காரிகூட அவளைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். காதில் ஒரு குரலாவது விழ வேண்டாமா?

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மதகடியில் நாலைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். அங்கே இருப்பது ஒரே இரும்புச் சக்கரம். வலப்பக்கம் சுற்றினால் அவள் வாய்க்கால், இடப்பக்கம் சுற்றினால் கொழுந்தன் வாய்க்கால், நடுவில் நிறுத்தினால் தண்ணீர் நேரே அடுத்த ஊருக்குப் போய்விடும். அவள் யாரையும் பார்க்காமல் போய்ச் சக்கரத்தைப் பிடித்து வலப்பக்கம் சுற்றினாள்.

"அய்யய்யோ, தொட்டுட்டா!"

கொழுந்தன் உட்பட எல்லாரும் பின்வாங்கினார்கள். புருஷனை இழந்தவள் கை பட்ட சக்கரத்தை, அந்தப் போகம் முடியும்வரை எந்த ஆணும் தொடமாட்டான். தொட்டால் அவன் வீட்டிலும் சாவு விழும் என்று நம்பிக்கை. வைதபடியே கலைந்தார்கள்.

நான்கு மணி நேரம் அவள் மட்டும் அங்கே இருந்தாள். தண்ணீர் வெடிப்புகளுக்குள் இறங்குவதைப் பார்த்து அழுகை வந்தது, அழுதாள். பார்க்க ஆளில்லாததால் முகத்தைக்கூட மூடிக்கொள்ளவில்லை. பன்னிரண்டு அடித்ததும் சக்கரத்தை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். அடுத்தவன் நேரத்தில் ஒரு நிமிஷம்கூட அவளுக்கு வேண்டாம்.

கொழுந்தன் வந்து பத்தடி தள்ளி நின்றான். பின்னால் மற்றவர்கள்.

"அண்ணி... நீங்களே கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி விட்டுடுங்களேன்."

மூன்று மாதத்தில் ஒரு மனிதன் அவளைத் தேடி வந்து கேட்ட முதல் உதவி. அதற்கே அவள் மனசு ஒரு நொடி இளகிவிட்டது. தனிமை மனிதரை அவ்வளவு மலிவாக்கிவிடுகிறது.

"ஏன், நீங்க திருப்புங்க."

"தெரிஞ்சுக்கிட்டே கேக்குறீங்களே! நீங்க தொட்டது..."

"நான் தொட்ட சக்கரம் ஆகாது. அது வழியா வர்ற தண்ணி மட்டும் ஆகுமா?"

கொழுந்தன் அடுத்த ஊரைப் பார்த்து ஓடும் தண்ணீரைத் திரும்பிப் பார்த்தான்.

"பட்டியல்ல என் பேரை எழுதுங்க. உங்களுக்கும் நானே திருப்பி விடுறேன்."

"அதெல்லாம் எல்லாரும் கூடிப் பேசித்தான் முடிவு பண்ணணும்."

"பேசுங்க." அவள் மதகுச் சுவரில் வசதியாக உட்கார்ந்துகொண்டாள். "எனக்கு அவசரமில்ல தம்பி. இப்போ ஓடிட்டிருக்கறது உங்க தண்ணி."