பின்னிருக்கையில் ஒரு திரை

மசாகா நகரத்து மருத்துவமனை ஒன்றின் வாகன நிறுத்துமிடத்தில், பிறந்து சில நாள்களே ஆன மகளை மடியில் ஏந்தியபடி நபோசா ஒரு பலகையில் அமர்ந்திருந்தாள். வயிற்றில் தையல் இருந்ததால் அவள் அதிகம் குனியக் கூடாது. ஆயினும், குழந்தையின் இருக்கை காருக்குள் அசையாமல் பொருந்தும்வரை வீட்டுக்குப் புறப்படுவதில்லை என்று கணவன் செக்கிட்டோவிடம் அறிவித்திருந்தாள்.

பேருந்தில் பயணச்சீட்டு விற்பவள் அவள். சாலையில் குறுக்கிட்ட மாட்டுக்காக ஓட்டுநர் பிரேக்கை மிதித்தபோது, இறுகப் பற்றியிருந்த தாயின் கைகளிலிருந்தே ஒரு குழந்தை பறந்துபோய்க் கம்பியில் மோதியதை நேரில் கண்டவள். தாயின் கையை மிஞ்சிய பாதுகாப்பு உண்டா என்று இன்றும் கேட்பவர்கள், அன்று அந்தப் பேருந்தில் நின்றிருக்க வேண்டும்.

செக்கிட்டோ முதலில் இருக்கைப் பட்டையின் பூட்டையே தேட வேண்டியதாயிற்று. கார் இருக்கைகளுக்கு உறை தைத்தவன் அதை உறைக்கு அடியில் புதைத்துத் தைத்துவிட்டிருந்தான். பின்னால் அமர்கிறவர்களுக்கு உயிரே இல்லையென்று எண்ணினான் போலும். பிளேடால் தையலைப் பிரித்துப் பூட்டை வெளியே எடுத்தான். குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்குமாறு இருக்கையை ஜன்னலோரம் வைத்து, அதன் துவாரங்களின் வழியே பட்டையைச் செலுத்தி மாட்டினான். தொட்டுப் பார்த்தால் ஏரிப் படகுபோல் ஆடியது. முழங்காலால் அழுத்தினால் பட்டையை இழுக்கக் கை எட்டவில்லை. கை எட்டினால் அழுத்தம் போதவில்லை. வாசற்காவலன், துப்பாக்கியை விட்டு நகரமுடியாது என்று கூறிவிட்டான்.

எஞ்சியிருந்தவர் நபோசாவின் தாய் நாலோங்கோ. இரட்டையரைப் பெற்றதால் அந்தப் பட்டப்பெயர், செக்கிட்டோவுக்கு மாமியார். மாமியாரும் மருமகனும் தொட்டுக்கொண்டால் கைகால் நடுக்கம் பிடிக்கும் என்பது ஊர் நம்பிக்கை என்பதால், அவர் வேலியோரமாகவே நின்றார். வீட்டுக்கும் தனியே டாக்சியில் போவதாகத்தான் இருந்தார். மருமகனிடம் சொல்லவேண்டியதையும் மகள் வழியாகவே சொன்னார்.

"உன் புருஷன்கிட்ட சொல்லு, பிள்ளைய நானே கையில வச்சுத் தூக்கிட்டு வந்துடறேன்."

"உங்க பிடி உடும்புப் பிடிதாம்மா. ஆனா பிரேக்குக்கு அது தெரியாது."

நாலோங்கோ பேத்தியைச் சற்று நேரம் பார்த்தார். பின்னர்த் தோளில் கிடந்த பூப்போட்ட துணியை எடுத்து, முன்னிருக்கையின் தலைச்சாய்விலிருந்து பின்கண்ணாடி வரை பின்னிருக்கையின் குறுக்கே திரையாகக் கட்டித் தொங்கவிட்டார். மறுபக்கக் கதவு வழியாக ஏறி, துணியோடு சேர்த்துக் குழந்தை இருக்கையின்மேல் முழங்காலை ஊன்றினார். அவருடைய எடையைக் குறித்து ஊரில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை.

"இழுக்கச் சொல்லு. ஏன் நிக்கிறார், நான் என்ன சாமிக்கா முட்டி போட்டிருக்கேன்?"

பூட்டின் அருகே பட்டை முறுக்கிக்கொண்டிருந்தது. முறுக்கிய பட்டை குழந்தையைக் காக்காது. அதை நேராக்கத் திரைக்கு அடியில் செக்கிட்டோ கையை நீட்டினான். அதற்காகவே மறுபுறத்திலிருந்து இன்னொரு கையும் வந்தது. இரு கைகளும் முட்டிக்கொண்டன. திரையின் இருபக்கமும் மூச்சு நின்றது. பிறகு இரண்டு கைகளும் ஒன்றாகவே பட்டையை நேராக்கின. அவர் அழுத்த, அவன் இழுக்க, தளர்வு முழுவதும் போய்ப் பட்டை இறுகியது.

நபோசா மெல்ல எழுந்து வந்து, பட்டை நுழையும் இடத்தைப் பற்றிக் குலுக்கினாள். கார் ஆடியது, இருக்கை ஆடவில்லை. தானே குழந்தையைக் கிடத்தித் தோள்வார்களைப் பூட்டிவிட்டு, முன்னிருக்கையில் அமர்ந்தாள். நாலோங்கோ கீழே இறங்கவில்லை. திரையை மட்டும் குழந்தையின் முகம் தெரியுமளவு ஒதுக்கிக்கொண்டார். டாக்சியைப் பற்றி எவரும் பேசவில்லை.

சாவியைத் திருகும்போது செக்கிட்டோவின் விரல்கள் நடுங்கின. அவன் கையைச் சட்டென்று மடியில் மறைத்தான். பின்னாலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்று அவன் தோளருகே நீண்டது. உள்ளே வெந்த வாழைக்காய் இன்னும் சூடாக இருந்தது.

"மாப்பிள்ளை," என்றார் நாலோங்கோ. இம்முறை மகளை இடையில் வைக்கவில்லை. "காலைலேர்ந்து பச்சத்தண்ணிகூடக் குடிக்கல நீங்க. அதான் நடுங்குது, வேற ஒண்ணுமில்ல. தின்னுட்டு மெதுவா ஓட்டுங்க."