இன்னும் ஒரு சாண்

நான் சந்தேகப்படுகிற ஆள் இல்லை. சந்தவாசலில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நீலாவதி கடை இட்லி மாவு புளிக்காது, நீலாவதி புருஷனுடைய சட்டைப் பையைத் துழாவ மாட்டாள் என்று சொல்வார்கள். போன கார்த்திகை வரைக்கும் இரண்டுமே உண்மைதான்.

அந்தக் கார்த்திகையில் என் வீட்டுக்காரர் பூபாலன் புகையிலையை விட்டுவிட்டார்.

அவர் போளூர் டெப்போவில் கண்டக்டர். கீழுதட்டுக்குள் ஒரு சிட்டிகை அதக்காமல் அவருக்கு விசில் ஊத வராது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அழுதிருக்கிறேன், பட்டினி கிடந்திருக்கிறேன், ஒரு தடவை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கலசப்பாக்கத்துக்கு அம்மா வீட்டுக்கே போயிருக்கிறேன். பதினோரு தடவை என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். பதினோரு தடவையும் மூன்றாம் நாளே வாயில் அந்த வாடை வந்துவிட்டது.

இப்போது ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டிருக்கிறார். துவைக்கும்போது பையில் பொட்டலம் இல்லை. கொல்லைச் சுவரில் புதுக் கறை இல்லை. வேறு பெண்டாட்டியாக இருந்தால் கோயிலில் தேங்காய் உடைத்திருப்பாள். எனக்கு வயிறு எரிந்தது. இருபத்திரண்டு வருஷம் நான் கேட்டும் விடாததை, இப்போது யார் கேட்டதற்காக விட்டார்?

அப்புறம் அவருடைய காக்கிப் பையிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு பிங்க் கலர் நூல் வந்தது. நான் துழாவவில்லை. சட்டையை உதறினேன், அதுவாக விழுந்தது. அதே சமயம் ஞாயிற்றுக்கிழமைகளில் மலை மேலே போகிற ஜமுனாமரத்தூர் வண்டிக்கு யாரும் டியூட்டி கேட்பதில்லை, இவர்தான் கேட்டு வாங்குகிறார் என்றும் தெரிந்தது. ஒரு வாரம் ஜாடையாகவே பேசினேன்.

"பொங்கலுக்குப் பொடவ எடுக்கணும். பிங்க் கலர்ல எடுத்தா சிலபேருக்குப் புடிக்குமோ இன்னாவோ."

"உனுக்கு எது புடிக்குதோ எடுத்துக்க நீலா" என்றார் மனுஷன். முகத்தில் ஒரு சலனம் கிடையாது.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது போன் மினுங்கியது. 'பிங்க் கலர் வச்சிருக்கேன். நாளைக்கு மறக்காம வாங்க. ஈஸ்வரி.'

ஞாயிற்றுக்கிழமை என் கடையில் மாவு வாங்க வாசல் வரைக்கும் வரிசை நிற்கும். அன்றைக்குக் கதவைச் சாத்திப் பூட்டினேன். கேட்டவர்களிடம் கிரைண்டர் ரிப்பேர் என்றேன். அவர் வண்டி கிளம்பி அரை மணி கழித்துப் போளூர் பஸ் ஸ்டாண்டில் அடுத்த மலை வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அந்த வண்டிக் கண்டக்டர் விஜயராஜ் எங்கள் வீட்டில் பலமுறை சாப்பிட்டவன்.

"இன்னாக்கா, மலைக்கா? அண்ணன் வண்டி இப்பதான போச்சு?"

"சாமை வாங்கப் போறேன்."

"சாமை போளூர்லயே கெடைக்குதேக்கா."

"எனுக்கு மலைச் சாமதான் வேணும். டிக்கெட்டக் குடு."

கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஈஸ்வரிக்கு ஒரு முகம் செய்து பார்த்தேன். ஒரு வளைவில் ஒல்லியாக இருந்தாள். அடுத்த வளைவில் மூக்குத்தி போட்டிருந்தாள். எல்லா வளைவிலும் என்னைவிடச் சின்னவளாகத்தான் இருந்தாள். இரண்டு பேரிடமும் என்ன கேட்க வேண்டும் என்பதை முனகி முனகிச் சரிபார்த்துக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டு அம்மாள் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டாள்.

ஜமுனாமரத்தூரில் இவருடைய வண்டி ஆளில்லாமல் நின்றது. கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஏரிப் பக்கம் போயிருப்பார் என்று டிரைவர் கை காட்டினார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தேன். வெயில் இருந்தும் காற்று சில்லென்று அடித்தது. படகுத்துறையைத் தாண்டியதும் அவர் சிரிப்பு கேட்டது. வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு. வீட்டில் அதைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. நூலும் மெசேஜும் என்னைக் கோபப்படுத்தின. அந்தச் சிரிப்பு அழவைத்தது. ஒரு நிமிஷம் அப்படியே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போனேன்.

பலாமரத்தடியில் தார்ப்பாய் விரித்திருந்தது. இரண்டு மரத்துக்கு நடுவில் கயிறு கட்டி, துணி காயவைப்பதுபோல என்னென்னமோ தொங்கின. ஒரு குழந்தைக் குல்லா, ஒற்றைக் கால் சாக்ஸ், ஒரு டீ கெட்டிலுக்குப் போடுகிற சட்டை. கீழே மூன்று பேர். அவர்களுக்கு நடுவில் என் வீட்டுக்காரர், காக்கி உடுப்போடு சம்மணம் போட்டு, மூக்கு நுனியில் கண்ணாடி வைத்து, இரண்டு கையிலும் இரண்டு நீள ஊசி பிடித்து, உல்லன் நூலைக் கோத்துக் கோத்துப் பின்னிக்கொண்டிருந்தார். மடியிலிருந்து பிங்க் கலரில் ஒரு பட்டை இறங்கி, தார்ப்பாயில் சுருண்டு கிடந்தது.

சரிபார்த்து வைத்திருந்த கேள்விகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"யோவ்! யாருய்யா அந்த ஈஸ்வரி?"

கண்ணாடி போட்ட பருத்த அம்மாள் ஒருத்தி, கொண்டையில் ஒரு ஊசியைச் செருகியபடியே கையைத் தூக்கினாள். "நாந்தாங்க. நர்சு." என்னைவிட ஆறேழு வயது மூத்தவள்.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். நூல் காலில் சிக்கி மறுபடி உட்கார்ந்தார். "நீலா, நீ எங்க இங்க?"

"சாமை வாங்க வந்தேன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

பக்கத்திலிருந்த சின்னப் பெண் கவியா சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டாள். அவள் அங்கே பேங்கில் வேலை பார்க்கிறாள். செல்போனில் பார்த்துப் பின்னக் கற்றுக்கொண்டு, குளிருக்கு இதமாக இருக்கிறதென்று ஈஸ்வரிக்கும் சொல்லிக்கொடுத்து, இரண்டு பேராக ஆரம்பித்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமாம் இது. மூன்றாவதாக டீக்கடை ராஜாக்கண்ணு வந்தார். கெட்டில் சட்டை அவருடையது. நாலாவது என் வீட்டுக்காரர்.

"நான் இவரு வண்டியில அடிக்கடி வருவேங்க" என்றாள் ஈஸ்வரி. "ஒருநாளு வாயத் தொறங்கன்னேன். உள்ள வெள்ளையா ஒரு திட்டு. வேலூரு ஆஸ்பத்திரிக்குப் போயி காட்டச் சொன்னேன். இப்ப பயமில்ல, ஆனா விட்டே ஆவணும்னுட்டாங்க. கை சும்மா இருந்தா பொட்டலத்தத் தேடுதுன்னாரு. அதான் ஊசியக் குடுத்தோம்."

அப்படியே தார்ப்பாயில் உட்கார்ந்தேன். வேலூருக்குப் போயிருக்கிறார். அந்தத் திட்டு புற்றாகலாம் என்று தெரியாதவள் இல்லை நான். தனியாகப் போய், தனியாகப் பயந்து, தனியாகத் திரும்பி வந்து என் கையால் சோறு சாப்பிட்டிருக்கிறார்.

"எங்கிட்ட ஏன்யா சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? பதினோரு தடவ சத்தியம் பண்ணி ஒடச்சவன். நீயே எண்ணி வச்சிருக்கிற. பன்னெண்டாவது தடவ உன் தலையில கை வைக்க வெக்கமா இருந்துச்சு." ஊசியையே பார்த்துக்கொண்டு பேசினார். "அதான் ஒரு கணக்கு வச்சேன். எப்பெப்ப ஆச வருதோ, அப்பெல்லாம் ஒரு வரிச பின்னிடறது. வூட்ல இருக்கசொல்ல ஆச வந்தா, மனசுல வச்சிக்கினு டெப்போல பின்னுவேன். இது உன் ஒசரம் வந்தப்புறம் உங்கிட்ட குடுக்கலாம்னு. அதுக்குள்ள ஒடஞ்சி போச்சுன்னா யாருக்கும் தெரியாம பிரிச்சிப் போட்டுடலாம்."

அந்தப் பட்டையைக் கையில் வாங்கினேன். ஆரம்பத்தில் வரிசைகள் கோணல்மாணலாக இருந்தன. ஒரு விரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. "அது ஒம்பதாம் நாளு. ஒரு பொட்டலம் போட்டுட்டேன். தெச்சி மூடலாம்னு கவியா சொல்லிச்சு, நான்தான் அப்பிடியே கெடக்கட்டும்னேன்." அப்புறம் நல்ல சீரான பின்னல். அதைத் தாண்டி மூன்று விரல் அகலத்துக்கு மட்டும் கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது.

"இது இன்னா?"

ராஜாக்கண்ணுதான் சொன்னார். "அது போன வாரம்மா. வூட்ல இன்னாவோ பொடவப் பேச்சாம்."

என் ஜாடைப் பேச்செல்லாம் அங்கே வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தது. அத்தனைக்கும் ஒரு பொட்டலம் கூட வாயில் போகவில்லை. மூன்று விரல் அகலம்தான் ஏறியிருந்தது. அந்த இடத்தைத் தடவிக்கொண்டே அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை.

கவியாதான் என்னை எழுப்பி மரத்தோடு சேர்த்து நிறுத்தினாள். ஊசி உருவிவிடாமல் ஒரு முனையை உச்சந்தலையில் வைத்துப் பிடித்தாள். ஈஸ்வரி மறுமுனையை இழுத்தாள். கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"இன்னும் ஒரு சாண்" என்றாள் ஈஸ்வரி.

நான் கண்ணைத் துடைத்தேன். "அப்பிடின்னா எனுக்கு ஒண்ணும் தெரியாது. நான் இன்னிக்கு இங்க வரல. உன்னப் பாக்கல. சாமை வாங்க வந்தேன், போறேன். ஒரு சாணு முடிஞ்சப்புறம் நீயா வந்து சொல்லு."

"நீ? வாய மூடிக்கினு இருப்ப?" என்று கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"நீ மூடல?"

கிளம்பவும் விடவில்லை. மரத்தடிக்கு வந்தவர்கள் ஒரு வரிசையாவது பின்னாமல் போகக்கூடாது என்று அவர்கள் வழக்கம் வைத்திருக்கிறார்கள். யாருடைய பின்னலில் வேண்டுமானாலும் பின்னலாம். நான் பிங்க் பட்டையைத்தான் கேட்டேன். ஒரு வரிசையின் முப்பது கண்ணியைப் பின்ன இருபது நிமிஷம் ஆனது. இறுக்கி இறுக்கி இழுத்ததில் ஊசி மாட்டிக்கொண்டு, ராஜாக்கண்ணு பல்லைக் கடித்து உருவ வேண்டியிருந்தது. "இதுல தண்ணி கூட எறங்காதும்மா" என்றார். நாலு பேரும் சிரித்த சிரிப்பில் படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

அவர் வண்டி போன பிறகு, இரண்டு படி சாமை வாங்கிக்கொண்டு அடுத்த வண்டியில் மலை இறங்கினேன். விஜயராஜ் பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் நம்பினான்.

வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. மார்கழி பாதியானது. ஒரு சாண் முடிகிற வழியாக இல்லை. ஈஸ்வரிக்குப் போன் போட்டுக் கேட்டபோதுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது. முதல் வாரத்தில் தினம் பதினைந்து வரிசை ஏறியதாம். இப்போது நாளைக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. ஆசை குறையக் குறையப் பட்டையும் மெதுவாகத்தான் வளரும். அவர் தேறத் தேற நான் காத்துக்கிடக்க வேண்டும். ஒருநாள் பொறுக்காமல், சண்டை போட்டால் நாலு வரிசை ஏறுமே என்று, ரசத்தில் உப்பு இல்லை என்று அவர் சொன்னதற்குக் குதித்தேன். அவர் உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்தார். இவ்வளவு கேவலமாக நான் எப்போதும் தோற்றதில்லை.

காணும் பொங்கலன்று மத்தியானம் வந்தார். கையில் ஒரு பை. கதவோரமாக நின்றார்.

"நீலா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இன்னாது?" என்றேன். ஒன்றும் தெரியாதவள்போல நடிக்க ஒரு மாதமாக ஒத்திகை பார்த்திருந்தேன். ஆனால் அவர் அந்தப் பட்டையை வெளியே எடுத்ததுமே ஒத்திகையை மறந்து கை நீட்டி வாங்கிக்கொண்டேன். ஊசியிலிருந்து எடுத்து முனையை முடித்துவிட்டிருந்தார்.

"ஒசரம் வரல. நாலு விரல் கொறையுது" என்றார். குரலில் பெரிய வருத்தம். "பத்து நாளா ஒரு வரிச கூட ஏறல. ஆசயே வரல நீலா. சும்மா பின்னி முடிச்சிருக்கலாம். அது பொய்யாப் பூடும்னு அப்பிடியே எடுத்தாந்துட்டேன்."

விரலால் தடவிக்கொண்டே போனேன். ஓட்டை வந்தது. மூன்று விரல் இறுக்கம் வந்தது. அதைத் தாண்டி ஓர் ஒற்றை வரிசை, கல் மாதிரி.

"இது யாரு பின்னுனது? இம்மா இறுக்கமா?"

"அதுவா? யாரோ ஒரு கோவக்கார அம்மா. சாமை வாங்க வந்தாங்களாம்."

அளந்து பார்க்க, அவர் சொல்வதற்கு முன்னாலேயே நானே சுவரோரமாகப் போய் நின்றேன். ஒரு முனையை என் உச்சந்தலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைக் கீழே விட்டார். தரைக்கு மேலே நாலு விரல் இடைவெளியில் அது ஆடியது.

நான் முழங்காலைக் கொஞ்சம் மடக்கினேன்.

"இப்ப பாரு" என்றேன். "சரியா இருக்குதா?"