முனை கொடுத்தால் ஊசி

வெர்லா கைப்பிடியை இறக்கி ஏற்றினாள். அச்சுக்குள் போய் வந்த பழைய தோட்டாவின் பித்தளைக் கூட்டின் அடியில், மருந்தைப் பற்றவைத்துத் தீர்ந்த கேப்பு அப்படியே ஒட்டியிருந்தது. அச்சைக் கழற்றி, உள்தண்டை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள். கேப்பைக் குத்தித் தள்ளும் ஊசி மொட்டையாக நின்றது. உடைந்த முனை இதற்கு முன் வந்த ஏதோ ஒரு கூட்டுக்குள் இருக்க வேண்டும். அந்தக் கூடுகளோ வெடிமருந்து நிரப்பும் எந்திரத்துக்குள் சரிந்துகொண்டிருந்தன.

"மறுபடியுமா?" என்றான் பக்கத்து எந்திரத்து லாமார். "ஊசி மேல உனக்கு என்னடி கோவம்?"

"எல்லாம் இந்த வெளிநாட்டுக் கூடு பண்ற வேலை. கேப்புக்கு மேல இருக்கற துளை சின்னது. ஊசியைக் கவ்விக்கிட்டு விடமாட்டேங்குது. மலிவா கெடச்சுதுன்னு மூட்டை மூட்டையா வாங்கிக் கொட்டியிருக்காங்க."

சுட்ட கூடுகளை மறுபடி தோட்டாவாக்கும், அமெரிக்காவின் இடாஹோவிலிருந்த அந்தப் பட்டறையில் உடைந்த முனையைக் கொடுத்தால்தான் சாமான் அறை ஜன்னலில் புது ஊசி கிடைக்கும். முனை இல்லையென்றால் அலட்சியம் என்று பெயர். வெர்லா இரண்டு முறை அந்தப் பெயர் வாங்கிவிட்டாள். மூன்றாவது விழுந்தால் வேலை போகும். மர ஆலை வேலையில் முதுகு ஒடிந்து வீட்டில் கிடக்கும் கணவனின் மருத்துவக் காப்பீடும் கூடவே போகும்.

மேஸ்திரி ஓர்வில் ஜன்னலுக்குப் பின்னால் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நேரம் லைனை நிறுத்துங்க. முனை கூட்டுக்குள்ள போயிடுச்சு, தேடி எடுத்துடறேன்."

"எல்க் மான் வேட்டை தொடங்கப்போவுது. நீ ஒடைக்கிற ஊசிக்கெல்லாம் லைனை நிறுத்தணுமா?"

"துளை சின்னதுன்னு போன வாரமே சொன்னேனே."

"முனையைக் கொண்டா, ஊசி தரேன். வேற பேச்சு வேணாம்."

திரும்பி வந்தவளிடம் லாமார் ஒரு மிட்டாய் டப்பாவைத் திறந்து காட்டினான். உள்ளே பழைய முனைகள். "புடி. அவசரத்துக்குப் பொறுக்கி வெச்சது."

"அசல் முனை உள்ளயே இருக்கே, லாமார்."

"எங்கயாச்சும் கொட்டிப்போயிருக்கும். புருஷனைப் பாப்பியா, முனையைப் பாப்பியா?"

வெர்லா வாங்கிக்கொண்டாள். புது ஊசி கிடைத்தது. எந்திரம் ஓடியது.

வேட்டைப் பருவம் முடியும் தறுவாயில் தபாலில் ஒரு உறை வந்தது. மலைமேல் யாரோ எல்க்கைக் குறிபார்த்துச் சுட்டிருக்கிறார், தோட்டா வெடிக்கவில்லை. பிரித்துப் பார்த்தால் துளையை அடைத்துக்கொண்டு ஊசி முனை. அந்தத் தோட்டாப் பெட்டியில் இருந்தது வெர்லாவின் லைன் எண்.

ஓர்வில் உறையிலிருந்த முனையை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "நீதான் ஒடைஞ்ச முனையெல்லாம் குடுத்துட்டியே. அப்ப இது யாரோடது?"

லாமார் ஏற்கெனவே இறுகியிருந்த மரையை மறுபடி முறுக்கிக்கொண்டிருந்தான்.

"தரையில ஒரு முனை கெடந்துச்சு. அதை எடுத்துக் குடுத்தேன்," என்றாள் வெர்லா.

"பொய் வேறயா? ஏப்ரனைக் கழட்டி வெச்சிட்டுக் கெளம்பு."

அவள் முடிச்சை அவிழ்ப்பதற்குள் ஓர்வில் அச்சின் மேலிருந்த அவள் பெயர்ப் பட்டையைக் கிழித்தெடுத்தார். காலையில்தான் அந்த அச்சில் மறுபடி ஊசி உடைந்திருந்தது. சாமான் அறைக்குப் போய், உறையில் வந்த முனையை, உடைந்த முனைகள் போடும் டப்பாவில் போட்டுவிட்டு, இழுப்பறை நிறையக் கிடந்த புது ஊசிகளில் ஒன்றை எடுத்து வந்து அச்சில் பொருத்தினார்.

"ஓட்டு," என்றார் லாமாரிடம்.

லாமார் வெளிநாட்டு மூட்டை ஒன்றின் வாயைப் பிரித்துக் கொட்டினான்.