அனுப்பிய இடம்

படிவம் அவள் கைக்கு வந்தபோது காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம்.

பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம். கீழே ஒரு கேள்வி: வோக்கிடோக்கி பாவித்த முன்னனுபவம் உண்டா? ஜெயரூபி ‘இல்லை’ என்று எழுதினாள். எழுத்து நேராக வந்தது. பேனையை மூடி வைத்தாள்.

முன்னனுபவம் இரண்டு வருடம் இருந்தது. பதினைந்து வயதில் இயக்கம் அவளைக் கூட்டிப்போய், சம்பூர்ப் பக்கத்தில் ஒரு வோக்கிடோக்கி செட்டைக் கையில் கொடுத்தது. பதினேழு வயதில், ஊர் முழுக்க இடம்பெயர்ந்த கிழமையில், செட்டைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டுச் சனத்தோடு சனமாக நடந்தாள். அதன்பிறகு யாரிடமும் சரணடையவில்லை. எந்தப் பட்டியலிலும் அவள் பெயர் இல்லை. பட்டியலில் பெயர் இருந்த பக்கத்து வளவுப் பெண்ணிடம் இன்றைக்கும் மாதத்துக்கு ஒருதரம் புலனாய்வு ஆட்கள் வருகிறார்கள். வீட்டுக்கு யார் வந்தது, யாரோடு கதைக்கிறாய் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். அந்தப் பெண்ணின் மகளுக்குப் பேசிய கலியாணம் இரண்டுதரம் நின்றது. ஜெயரூபிக்கும் ஒரு மகள் இருக்கிறாள். கௌசிகாவுக்குப் பதினாலு வயது. விசயம் தெரிந்தவன் புருசன் சஞ்சீவன் ஒருவன்தான்.

வகுப்பு ஓர்ஸ் ஹில்லில் ஒரு சின்ன மண்டபத்தில் மூன்று நாள். தகவல் சேகரிப்பும் வானொலித் தொடர்பாடலும். நடத்தியவர் சோமசேகரம். முப்பது வருடம் கப்பல்களில் வயர்லெஸ் ஒப்பிசராக இருந்து இளைப்பாறியவர். சுனாமி, சண்டை, பெற்றோல் வரிசை, கார்த்திகைப் புயல் என்று எல்லாம் பார்த்துவிட்டு, அடுத்ததும் வரும் என்று அரிசியும் பற்றரியும் சேர்த்து வைக்கிற ஆட்களை அவர் ஒரு குழுவாக்கியிருந்தார். பதினாலு பேர் வந்திருந்தார்கள்.

ஜெயரூபி எதையும் சேர்த்து வைக்கிறவள் அல்ல. புயலுக்கு அவளுடைய ஊரில் நாலு நாள் போன் வேலை செய்யவில்லை. அதனால் மாதர் சங்கம் ஒரு ஆளை அனுப்பத் தீர்மானித்து, அவள் பெயரைக் கொடுத்தது. மறுப்பதென்றால் காரணம் சொல்ல வேண்டும். அவளிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது.

கடைசிக் கதிரையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இருந்தார். முழுக்கைச் சேட்டு, சின்னக் கொப்பி. செட்டுகளுக்கு அனுமதி தந்த இடத்திலிருந்து பார்வையிட வந்திருக்கிறார் என்று சோமசேகரம் சொன்னார். பெயர் சொல்லவில்லை. தேத்தண்ணி வந்தபோது அவர் சிங்களத்தில் நன்றி சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஜெயரூபிக்குச் சோடியாக வந்தவள் கிண்ணியாவைச் சேர்ந்த ஸுல்பிகா. ஐம்பது வயது, கனத்த உடம்பு, ஓயாத வாய்.

“எங்கட வீட்டுல ஆறு மாசத்துக்குப் பருப்பு இரிக்கி புள்ள. மனுசன் கேக்காரு, உலகம் அழியாட்டி இத ஆரு தின்னுறண்டு.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“அழியும், பொறுங்க எண்டன்.”

முதல் நாள் தகவல் சேகரிப்பு. சோமசேகரம் பலகையில் மூன்று கோடு இழுத்தார். கண்டது, கேட்டது, நினைத்தது.

“இந்த டவுன் ரோட்டில திரியிற மானைக் கண்டால் மான் எண்டு எழுதுங்கோ. எத்தினை எண்டு எழுதுங்கோ. அது நேற்றும் நிண்டிருக்கும் எண்டு எழுதாதேங்கோ. அது உங்கட நினைப்பு.”

ஜெயரூபி எழுதினாள். பதினைந்து வயதிலும் இதையேதான் எழுதியிருந்தாள். அப்போது மானுக்குப் பதிலாக ட்ரக்.

இரண்டாம் நாள் செட்டுகள் வந்தன. அவளுடைய பெருவிரல் பார்க்காமலே பொத்தானில் போய் இருந்தது. அவள் அதை எடுத்து வேறொரு விரலை வைத்தாள். தன் முறை வந்தபோது செட்டைக் காதில் வைத்து ‘ஹலோ’ என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

“தங்கச்சி, அது டெலிபோன் இல்லை,” என்றார் சோமசேகரம்.

“ஓம் சேர்.”

இரண்டாந்தரம் பொத்தானை அமத்த முதலே கதைத்தாள். மூன்றாந்தரம் ‘ஓவர்’ சொல்ல மறந்தாள். நாலாந்தரம் குறியீட்டுப் பெயருக்குப் பதிலாகச் சொந்தப் பெயரைச் சொல்லி, சஞ்சீவனின் பெயரையும் சொன்னாள். கடைசிக் கதிரைக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஸுல்பிகாவுக்குச் சிரிப்பில் கண்ணால் தண்ணி வந்தது.

“நீ ஊருக்குச் செட்டக் கொண்டு போ புள்ள. புயல் உன்ட கதையக் கேட்டே திரும்பிப் போயிரும்.”

ஜெயரூபியும் சிரித்தாள். முகம் சிரிப்பது அவளுக்கு எங்கோ தள்ளி நடப்பதுபோல் இருந்தது.

பின்னேரம் மூதூர் பஸ்ஸில் இருக்க சஞ்சீவன் போன் எடுத்தான்.

“எப்பிடிப் போச்சுது?”

“நல்லாப் பிழைவிட்டனான்.”

“நாளைக்கும் விடு.”

மூன்றாம் நாள் பயிற்சி வெளியே. ஏழு சோடி, ஏழு செட்டு. துறைமுகப் பக்கம் போய் ஒன்றரை மணித்தியாலம் நிற்க வேண்டும். கால் மணித்தியாலத்துக்கு ஒரு செய்தி, மொத்தம் ஆறு. மண்டபத்தில் சோமசேகரம் கேட்டு எழுதுவார். கடைசிக் கதிரைக்காரர் அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார். ஒவ்வொரு சோடிக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். நேரம், செய்தி, அனுப்பிய இடம்.

“உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ,” என்றார் சோமசேகரம். “பொய் எழுதினால் நான் கண்டுபிடிப்பன்.”

மூதூர்ப் படகுகள் வருகிற ஜெட்டிக்கு அவர்கள் இருவரும் போனார்கள். வெயில் ஏறியிருந்தது. ஸுல்பிகா எண்ணுவதைப் பொறுப்பெடுத்தாள்.

“எழுது. படகுக்கு நிக்கிற சனம் இருவத்திரெண்டு. சைக்கிள் அஞ்சு. மான் நாலு, அதுல ஒண்டு பேப்பர் தின்னுது.”

ஜெயரூபி செய்தியை அனுப்பினாள். வேண்டுமென்றே இருபத்திரண்டைப் பன்னிரண்டு என்று சொல்லி, பிறகு திருத்தினாள். ‘ஓவர்’ சொன்னாள். தாளில் ‘ஜெட்டி வாசல்’ என்று எழுதினாள். நடந்தாள்.

இரண்டாவது செய்தி ஐஸ் கொம்பனி மதிலடியில். ‘ஹலோ’ என்று தொடங்கினாள். மூன்றாவது வாகை மரத்தடியில். அங்கே நல்ல நிழல். ஸுல்பிகா மரத்து வேரில் குந்தி, செருப்பைக் கழற்றி, போத்தல் தண்ணியைத் திறந்தாள். செய்தி போய் முடிந்தது. ஸுல்பிகா நிமிர்ந்து பார்க்க ஜெயரூபி இருபது அடி தள்ளி நடந்துகொண்டிருந்தாள்.

“எங்க புள்ள போற?”

“சும்மா, அங்கால.”

“அங்காலயும் இதே கடல்தான்.”

ஆனாலும் எழுந்து வந்தாள். நாலாவது மீன் சந்தைக்குப் பின்னால். ஐந்தாவது ஓட்டோ தரிப்பிடத்தில். ஆறாவது தபால் கந்தோர் மதிலோரம். ஒவ்வொன்றிலும் ஜெயரூபி ஒரு பிழைவிட்டாள். பிழைகளைத்தான் அவள் கவனமாகப் பார்த்துக்கொண்டாள். கால்களைக் கவனிக்கவில்லை.

மண்டபத்துக்கு வந்து தாள்களைக் கொடுத்தார்கள். பாணும் பருப்பும் தந்தார்கள். ஸுல்பிகா பருப்பைப் பார்த்து, “இங்கயும் வந்திட்டா,” என்றாள். சோமசேகரம் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றில் நின்றார். அதை மட்டும் எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

“எல்லாரும் இதைப் பாருங்கோ. நீங்கள் ஒவ்வொருத்தரும் ஒரு இடத்தில குந்தியிருந்து ஆறு செய்தியும் அனுப்பியிருக்கிறியள். இந்தத் தங்கச்சி ஆறு செய்தி, ஆறு இடம். கதை முழுக்கப் பிழை. ஆனால் நடை சரி.”

ஜெயரூபி தாளைப் பார்த்தாள். ‘அனுப்பிய இடம்’ என்ற நிரலில் அவளுடைய கையெழுத்து ஆறு வரி, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக. உள்ளதை உள்ளபடி.

கதைத்த இடத்தில் நிற்கக்கூடாது. கதைத்தது கேட்டால் ஆமிக்காரர் திசை பிடிப்பார்கள். திசை பிடித்தால் ஷெல் வரும். ‘ஓவர்’ சொல்லி வாய் மூட முதல் கால் எழும்ப வேண்டும். சம்பூரில் இரண்டு பேர் எழும்பவில்லை. ஒருத்தி செட்டின் மூடியைத் தேடிக்கொண்டு நின்றாள். மற்றவளுக்குக் காலில் முள். அவர்கள் நின்ற இடத்துக்கு அடுத்த நாள் ஜெயரூபியை அனுப்பினார்கள்.

வாயைப் பழக்கி மறக்கப்பண்ணியிருந்தாள். காலிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

“சிக்னல் நல்லா இழுக்கிற இடம் தேடினீங்கள், என்ன?” என்றார் சோமசேகரம்.

“ஓம் சேர்.”

“சபாஷ்.”

ஸுல்பிகா முதலில் கை தட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஜெயரூபி பயம் வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. பாண் துண்டு கையில் இருந்தது. அதைக் கடித்தாள்.

கடைசிக் கதிரைக்காரர் எழுந்து வந்து, சோமசேகரத்திடமிருந்து தாளை வாங்கினார். ஆறு வரியையும் விரல் வைத்து வாசித்தார். தமிழ் எழுத்தை வாசிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மூன்றாவது செய்தி இங்கே மிகவும் தெளிவாகக் கேட்டது,” என்றார். சுத்தமான தமிழ். புத்தகத்தில் படித்த தமிழ். “நல்ல இடம். பிறகு ஏன் விட்டுப் போனீர்கள்?”

ஜெயரூபி பாணை விழுங்கினாள். ஸுல்பிகா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“வெயில் தம்பி. இந்த உடம்பத் தூக்கிட்டு வெயில்ல நிக்க ஏலா. நான்தான் நிழலுக்குப் போவம் எண்டன்.”

“மூன்றாவது இடம் மரத்தடி என்று எழுதியிருக்கிறார்கள்.”

“அது எறும்பு.”

யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தாளை இரண்டாக மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார். ஒரு கதிரையை இழுத்து ஜெயரூபிக்கு முன்னால் போட்டு, அதில் இருந்தார். அவருடைய குரல் மரியாதையாக இருந்தது.

“அக்கா, அனுப்பிய உடனே இடம் மாற வேண்டும் என்று உங்களுக்கு யார் பழக்கியது?”